வாட்ச்காரர் வளர்த்த ராணிகள்

வாட்ச்காரரின் வலது கை நடுங்குவதை வீட்டில் முதலில் கண்டுபிடித்தது டீ கப்தான். சாசரில் உட்கார்ந்துகொண்டு கடகடவென்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டியது. மறுநாளே அவர் மனைவி டெய்லரம்மா கப்பையும் சாசரையும் பரணில் ஏற்றிவிட்டு, கனத்த கண்ணாடி கிளாஸ் ஒன்றை வாங்கி வந்தாள். சாட்சி இல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்பது அவள் கணக்கு.

அவர் உண்மையிலேயே வாட்ச்காரராக இருந்தவர்தான். முன்னறைக் கதவில் பாதி அழிந்த கடிகாரப் படம் இன்னும் இருக்கிறது. அதில் மணி எப்போதும் பத்தே கால். ஊரே கைபேசியில் நேரம் பார்க்கத் தொடங்கியதும், அதே மேஜை, அதே விளக்கு, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் அதே லென்ஸ் எல்லாம் ராணித் தேனீ வளர்க்கும் தொழிலுக்கு உத்தியோக மாறுதல் பெற்றன. கொல்லைப்புறத்தில் மதில் ஓரமாக வரிசையாகப் பெட்டிகள். வளர்ந்த ராணிகளைப் பழத்தோட்டக்காரர் ஒருவர் வருஷா வருஷம் வந்து எடுத்துப் போவார். போகிற இடமெல்லாம், "இது வாட்ச்காரர் கைப்பட்ட ராணி" என்று அவரே விளம்பரமும் செய்துவிடுவார். கேட்டால் வாட்ச்காரர், "அட, அவருக்கு வேற வேலையில்ல" என்பார். பிறகு, "வேற என்ன சொன்னாரு?" என்று மெதுவாகக் கேட்பார்.

ராணிக்கென்று தனி முட்டை கிடையாது. வேலைக்காரி ஈயாக வேண்டிய சாதாரணப் புழுவை, பொரிந்த சூட்டோடு எடுத்து, சுண்டுவிரல் நுனி அளவு மெழுகுக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். அப்படிப் பல கிண்ணங்களை ஒரு சட்டத்தில் ஒட்டி, ராணி இல்லாத கூட்டத்துக்குள் தொங்கவிட்டால், தலைமை இல்லாமல் தவிக்கும் ஈக்கள் அந்தப் புழுக்களுக்கு விழுந்து விழுந்து கூழ் ஊட்டி ராணிகளாக்கிவிடும். பிறப்பில் ஒன்றுமில்லை, எல்லாம் சாப்பாட்டில்தான். கஷ்டம், புழுவை எடுப்பதில். ஒரு காற்புள்ளி அளவுதான் இருக்கும். ஒருக்களித்துப் படுத்து ஒரு பக்கமாக மூச்சுவிடும். மெல்லிய கம்பியின் வளைந்த நுனியில் அதை ஏந்தி, படுத்த பக்கம் மாறாமல் கிண்ணத்தில் இறக்க வேண்டும். புரட்டிவிட்டால் தன் சாப்பாட்டிலேயே மூழ்கிச் சாகும். ஈக்கள் அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கிண்ணத்தை நக்கித் துடைத்து வைத்துவிடும்.

புழு எடுப்பது அவர் வேலை. பெட்டி தூக்குவது, திறப்பது, மூடுவது அவள் வேலை. கல்யாணமான நாளிலிருந்து வேறு எந்த விஷயத்திலும் இவ்வளவு தெளிவான எல்லைக்கோடு அவர்களுக்குள் இருந்ததில்லை.

புழு எடுக்கும் நாளில் வாட்ச்காரர் முகச்சவரம் செய்துகொள்வார். மற்ற நாட்களில், "யாரு பாக்கப் போறா?" என்பார். புழுக்களுக்குக் கண் இல்லை என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொன்னதில்லை.

அந்த வருஷமும் பூ கொட்டத் தொடங்கி, பெட்டிகள் பொங்கி, கூட்டம் பிரியும் பருவம் வந்ததும் சவரம் செய்துகொண்டு உட்கார்ந்தார். டெய்லரம்மாவின் தம்பி அப்போது டீ குடிக்க வந்திருந்தார். பக்கத்து மைதானத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். நாள் முழுக்க "கிளட்ச்! கிளட்ச்!" என்று அலறுவதால் ஊர் அவருக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டது. அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்கூட அடைப்புக்குறிக்குள் கிளட்ச் என்று போட்டிருந்தார்கள். இல்லாவிட்டால் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

"என்ன மாமா, பொண்ணு பாக்கப் போற மாதிரி பளபளன்னு இருக்கீங்க?"

"பேசாத மாப்ள. மேஜை ஆடுது."

கிளட்ச் மேஜையை விட்டு ஒரு ஆள் தூரம் தள்ளி நின்றிருந்தார். மேஜை ஆடவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தாள்.

"மூச்சு விட்டாலும் ஆடுது."

"சரி மாமா. நான் மைதானத்துல போய் மூச்சு விட்டுக்கறேன்."

ஒருவழியாக எல்லாக் கிண்ணங்களும் நிறைந்தன. லென்ஸைக் கழற்றியபோது கண்ணைச் சுற்றி வட்டமாகச் சிவந்திருந்தது. ஈரத்துணி போர்த்திய சட்டத்தை டெய்லரம்மா குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போய், ராணி இல்லாத அந்த வளர்ப்புப் பெட்டிக்குள் இறக்கினாள்.

மறுநாள் காலை திறந்து பார்த்தாள். ஒரு கிண்ணத்தில்கூடப் புழு இல்லை. எல்லாம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தன. பெட்டியை மூடிவிட்டு, முகவலையைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் நின்றாள். வலைக்குள் இருந்தால் முகம் தெரியாது என்பது ஒரு வசதி.

"என்ன ஆச்சு?" முன்னறையிலிருந்து குரல் வந்தது. பார்வை செய்தித்தாளில் இருந்தது. தாள் தலைகீழாக இல்லை என்பதைத் தவிர, அவர் படிப்பதற்கு வேறு அத்தாட்சி எதுவும் இல்லை.

"பாதிக்கு மேல புடிச்சிருக்குங்க."

"பாதியா? போன வருஷம் ஒண்ணு ரெண்டுதானே போச்சு?"

"காத்து சரியில்லல்ல."

"ஆமா. காத்துதான்."

அன்று வெளியே ஒரு இலைகூட அசையவில்லை.

பொய் சொல்வது சுலபம். சொன்ன பொய்க்குத் தொங்கவிட உருப்படி வேண்டும். ராணி அறைகள் முற்றிய பிறகு, வெளிவருவதற்குக் கொஞ்சம் முன்பு, அவற்றைச் சட்டத்தோடு எடுத்து மேஜைக்குக் கொண்டுவருவது வழக்கம். வாட்ச்காரர் ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். உள்ளே ராணி நிழலாகப் புரள்வது தெரியும். அதைப் பார்க்கிறபோது மட்டும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகும். கல்யாணத்தின்போது தன்னைப் பார்த்துக்கூட அந்த மாதிரி ஆகவில்லை என்று டெய்லரம்மாவுக்கு ஒரு பழைய குறை உண்டு. பிறகு ஒரு அறைக்கு ஒரு சின்னப் பெட்டியாகப் பிரித்து வைப்பார்கள். ஒரே இடத்தில் விட்டால், முதலில் வெளிவரும் ராணி மற்றவர்களை அறைக்குள்ளேயே வைத்துத் தீர்த்துவிடும்.

ஆக, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்க அவருக்கு ராணிகள் வேண்டும். ராணிகளா இல்லை? பருவம் அப்படி. கூட்டம் பிரிந்து போக ஆயத்தமாகிற ஒவ்வொரு பெட்டியிலும் தேனடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலை மாதிரி ராணி அறைகள் தாமாகவே தொங்கும். வழக்கமாக டெய்லரம்மா அவற்றை அறுத்து நசுக்கிப் போடுவாள். விட்டுவைத்தால் பாதிக் கூட்டம் பழைய ராணியோடு பறந்துபோகும். இந்த முறை நசுக்காமல், அடியில் கொஞ்சம் அடையோடு சேர்த்து அறுத்து, ஒரு தட்டில் பஞ்சு விரித்து அடுக்கினாள். அதற்கென்று வாட்ச்காரர் மதியத் தூக்கம் போடும் நேரமாகப் பார்த்து, ஈக்கள் அடங்கப் புகை போடத் தம்பியை வரச் சொல்லியிருந்தாள்.

"அக்கா, இது ஆள்மாறாட்டம் இல்லியா?"

"வாய மூடிட்டுப் புகைய போடுடா."

"இல்ல, பரீட்சைக்கு வேற ஆள வச்சு எழுதற மாதிரி இருக்கே, அதான் கேட்டேன்."

"ஆமா. அவரு பாஸாகணும். அவ்வளவுதான்."

"மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"நீ சொன்னாத்தான் தெரியும். லைசென்ஸுக்கு எட்டு போடத் தெரியாதவனையெல்லாம் நீ பாஸ் பண்ணி விடறல்ல? அத நான் யாருகிட்டயாவது சொன்னேனா?"

கிளட்ச் அதற்குமேல் நியாயம் பேசவில்லை. புகை போட்டார்.

எல்லா அறைகளையும் அவள் தாய்ப்பெட்டியிலிருந்துதான் எடுத்தாள். வாட்ச்காரர் புழு எடுப்பது எப்போதும் அந்தப் பெட்டியிலிருந்துதான். அந்த ராணியின் பெண்கள் சாதுவாக இருக்கும், தேனைச் சுமந்து சேர்க்கும். எப்படியும் அதே தாயின் பிள்ளைகள்தானே, இதில் மோசடி பாதிதான் என்று தனக்குத்தானே தள்ளுபடி கொடுத்துக்கொண்டாள். ஒன்றுவிடாமல் அறுத்தாள். பெட்டியில் ஈ கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. வெயிலில் வெளியே போயிருக்கும் என்று மூடிவிட்டாள். பழைய ராணி உள்ளே இருக்கிறதா என்று தேடவில்லை. தேடக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி முகவலைக்குள் மூக்கை அழுத்தும். தவிர, அது வயசானவங்க போடறது என்று அவள் அதைத் தையல் மெஷின் டிராயரில் சிறை வைத்திருந்தாள்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்காடா? நுனி பழுப்பா எதாவது தெரியுதா பாரு."

ராணி வெளிவரப் போகிற அறையின் நுனியில் ஈக்கள் மெழுகைச் சுரண்டிவிடும். அந்த இடம் பழுப்பாகத் தெரியும். கூட்டத்தில் தாமாகக் கட்டிய அறைகளுக்கு ஒரே வயது இருக்காது. அதனால்தான் கேட்டாள்.

கிளட்ச் தட்டைக் கவனமாகப் பார்த்தார். "ஒரே மாதிரிதான்க்கா. எல்லாம் கடலை."

மெழுகை உருக்கி, ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒவ்வொன்றாக ஒட்டினாள். பித்தான் தைக்கிற நேர்த்தி. சட்டம் திரும்பவும் வளர்ப்புப் பெட்டிக்குள் போயிற்று. பாதிக்கு மேல் பிடித்திருப்பதாகச் சொல்லியிருந்ததால், நாணயமாகச் சில கிண்ணங்களைக் காலியாக விட்டிருந்தாள்.

விளக்கில் பார்க்கும் நாள் வந்தது. வாட்ச்காரர் சவரம் செய்துகொண்டார். தாடையில் ஒரு இடத்தில் கீறியிருந்தது. சின்னப் பெட்டிகள் வரிசையாகக் காத்திருந்தன. கிளட்ச்சும் வகுப்பை விட்டுவிட்டு வந்து நின்றார், பரீட்சை முடிவைப் பார்க்க வந்த பெற்றோர் மாதிரி.

டெய்லரம்மா சட்டத்தை மேஜையில் வைத்துத் துணியை விலக்கினாள்.

எல்லா அறைகளும் இருந்தன. ஒன்றின் நுனி மட்டும் மூடி திறந்ததுபோல வட்டமாக வெட்டப்பட்டு ஒரு ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்தவள் கதவு திறந்து மரியாதையாக வெளியே போயிருக்கிறாள். மற்ற எல்லாவற்றிலும் பக்கவாட்டில் ஓட்டை. கடித்துத் துளைத்து, கொட்டி, முடித்திருந்தாள். ஓட்டைகள் வழியாக வெள்ளையாக என்னவோ தெரிந்தது.

மைதானத்தில் யாரோ கியரை அரைத்தார்கள்.

வாட்ச்காரர் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்தார். ஒரு அறையைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். பிறகு சட்டத்தை மெல்லத் திருப்பி, அறைகள் கிண்ணத்தோடு சேரும் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே கிண்ணத்துக்கும் அறைக்கும் நடுவே, சின்ன அறுகோணங்களோடு அடைத் துண்டு பிதுங்கிக்கொண்டிருந்தது. அங்கேயே நிறைய நேரம் பார்த்தார்.

"வெயில்" என்றார்.

"ஆமாங்க. இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி."

"எலியா இருக்குமோ?" என்றார் கிளட்ச், தன் பங்குக்கு. இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர், "சரி, பசங்க காத்துட்டிருப்பாங்க" என்று கிளம்பிவிட்டார்.

வாட்ச்காரர் லென்ஸைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"மெழுகு ஒட்டினது நல்லா இருக்கு. ஒரு இடத்துலகூட வழியல."

டெய்லரம்மாவுக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. நாற்காலியில் அவர் இருந்தார்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"எடுத்தப்பவே தெரியும். புழு பெருசா தெரியணும்னுதானே லென்ஸ் போடறது? கையும் அதே அளவு பெருசாத்தான் தெரியும். ஒவ்வொண்ணும் புரண்டுச்சு, பாத்துட்டேதான் இருந்தேன்."

"அப்ப பாதிக்கு மேல புடிச்சிருக்குன்னு சொன்னதும் ஏன் சரின்னீங்க?"

"கேக்க நல்லா இருந்துச்சு."

அவள் முந்தானையால் மேஜையைத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றுமில்லை. பிறகு சொன்னாள்:

"இன்னொரு தடவ எடுங்க. மணிக்கட்ட நான் புடிச்சுக்கறேன். யாரு பாக்கப் போறா?"

அவர் மறுக்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

புதுப் புழு எடுக்கத் தாய்ப்பெட்டியைத் திறந்தார்கள். அவர் பெட்டிப் பக்கம் வந்தது அன்றுதான். அவள் டிராயரிலிருந்து கண்ணாடியை விடுதலை செய்து போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு அடையாக உயர்த்திப் பார்த்தார்கள். தேன் இருந்தது, மகரந்தம் இருந்தது. முட்டை இல்லை. புழு இல்லை. ராணி இல்லை. வாடகைக்குக் குடியிருந்தவர்கள் காலி செய்த வீடு மாதிரி, மிச்சமிருந்த ஈக்கள் காரணமில்லாமல் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தன.

அவள் அறைகளை அறுப்பதற்கு முன்பே அந்த ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிப் போயிருந்தாள். மூடிய ராணி அறை தொங்குகிறதென்றால் பழையவள் போயிருக்கலாம் என்பது டெய்லரம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அப்படியிருந்தும், போனவளின் வாரிசுகளை ஒன்றுவிடாமல் அறுத்து, ஒரே சட்டத்தில் ஒட்டி, ஒருத்தி கையால் சாகக் கொடுத்திருக்கிறாள். அந்த ஒருத்தியும் வளர்ப்புப் பெட்டியிலிருந்து மணமுடிக்கப் பறந்துபோனவள் திரும்பவில்லை. வானத்தில் மாப்பிள்ளைகளும் உண்டு, குருவிகளும் உண்டு.

"நான்தான்" என்றாள்.

"பரவால்ல விடு. தோட்டக்காரருகிட்ட சொல்லிடலாம். தாய் ராணி பறந்துடுச்சு, இந்த வருஷம் இல்லன்னு." அவர் குரலில் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. "பொய்யும் இல்லியே."

கிளட்ச்தான் பழத்தோட்டக்காரருக்கு போன் போட்டார். ஒலிபெருக்கியில் வைத்ததால் வீடே கேட்டது.

"பறந்துடுச்சா? அடப்பாவமே! அதுக்கென்னங்க, எங்கிட்ட ஒரு அருமையான பெட்டி இருக்கு. நாளைக்குக் காலைல நானே தூக்கிட்டு வரேன், அதுலேருந்து எடுக்கட்டும். வாட்ச்காரரு கைய பக்கத்துல நின்னு பாக்கணும்னு எனக்கும் ரொம்ப நாளா ஆசை."

"சார், அவருக்கு நாளைக்கு..." கிளட்ச் மாமாவைப் பார்த்தார். மாமா உதவவில்லை. "நாளைக்கு வாங்க சார்" என்று முடித்தார்.

"ஏன்டா வாங்கன்ன?" என்றாள் அக்கா.

"பொய் வரலக்கா. நாள் பூரா உண்மைய கத்திக் கத்தியே பழகிட்டேன்."

பழத்தோட்டக்காரர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடமிருந்து தப்பிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்று காலை தெரிந்தது. சொன்னபடி பெட்டியோடு வந்தார். புழு எடுக்க வேண்டிய அடையை டெய்லரம்மா கொண்டுவந்து வைத்தாள். இளம் புழுக்கள் பாலில் மிதப்பதுபோல மினுங்கின. வாட்ச்காரர் இவ்வளவு அழகான புழுக்களைப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். சவரம் செய்திருந்தார். கீறல் இரண்டாகியிருந்தது.

டெய்லரம்மா அவர் மணிக்கட்டை நோக்கிக் கையை நீட்டினாள். அவர் லேசாகத் தலையசைத்தார். வெளி ஆள் முன்னால் வேண்டாம்.

பழத்தோட்டக்காரர் பின்னால் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோலப் பார்த்தார். கம்பி அடைக்குள் இறங்கியது. வெளியே வரும்போது நுனியில் எதுவுமில்லை; புழு அறைச் சுவரில் நசுங்கியிருந்தது. இரண்டாவது, கிண்ணத்தின் விளிம்பில் விழுந்தது. மூன்றாவதை எடுக்கப் போன கம்பி, அடையில் டக் டக்கென்று தட்டியது. அந்தச் சத்தம் மட்டும் அறையில் கேட்டது.

பழத்தோட்டக்காரரின் கட்டிய கைகள் அவிழ்ந்தன. மெல்ல நகர்ந்து ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அந்தப் பொண்ணு நல்லா ஓட்டுதே!" என்றார் கிளட்ச்சிடம், உரக்க.

மைதானத்தில் கார் நின்றுகொண்டிருந்தது. பெண் வெளியே நின்று டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார்" என்றார் கிளட்ச். "நல்ல கை."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வாட்ச்காரர் நிறுத்தவில்லை. கடைசிக் கிண்ணம் வரை எடுத்து வைத்தார், அல்லது எடுத்து வைப்பதுபோல ஏதோ செய்தார். முடிந்ததும் பழத்தோட்டக்காரர் திரும்பி, "பிரமாதம்" என்றார், சட்டத்தைப் பார்க்காமலே. பிறகு செருப்பைத் தேடிக்கொண்டு சொன்னார்:

"அவசரமே இல்ல வாட்ச்காரரே. நான் வேற ஒருத்தர்கிட்டயும் சும்மா சொல்லி வச்சிருக்கேன். நீங்க மெதுவா பாருங்க. பெட்டி இங்கயே இருக்கட்டும், நம்ம அன்பளிப்பா."

கடிகாரக் கம்பெனியில் ஓய்வு பெறுகிறவருக்குக் கடிகாரம் கொடுத்து அனுப்புவார்கள். இவருக்குத் தேனீப்பெட்டி.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியது. டெய்லரம்மா சட்டத்தின் மேல் ஈரத்துணியைப் போர்த்தி எடுத்தாள்.

"எங்க கொண்டு போற?"

"வைக்கத்தான்."

"நாளைக்குக் காலைல வந்து என்ன சொல்லுவ?"

அவள் வாசற்படியில் நின்றாள்.

"உள்ளத சொல்லுவேன்."

அவர் யோசித்தார். "அப்ப தொறந்து பாக்காத" என்றார்.

அவள் போய் வளர்ப்புப் பெட்டிக்குள் சட்டத்தை இறக்கி, மூடியை வைத்து, மேலே செங்கல்லையும் வைத்தாள். மறுநாள் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் திறக்கவில்லை. அவர் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. மற்றப் பெட்டிகளை அவள் முறையாகத் திறந்தாள், ராணி அறைகளை அறுத்தாள், நசுக்கிப் போட்டாள். அந்தப் பெட்டி வந்ததும் சுற்றிக்கொண்டு போய்விடுவாள். ராணி கிடைக்காத கூட்டத்தில் கடைசியில் வேலைக்காரி ஈக்களே முட்டையிடத் தொடங்கும். அந்த முட்டைகளிலிருந்து ஆண் ஈக்கள் மட்டும்தான் பிறக்கும். கூடு கட்டத் தெரியாது, தேன் சேர்க்கத் தெரியாது. சாப்பிடும், வெயில் காயும். உழைக்கிற ஈக்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து உதிர, கூட்டம் சத்தமாகவே அழியும்.

பூக்கள் தீர்ந்துபோன ஒரு மத்தியானம் கிளட்ச் டீ கிளாஸோடு கொல்லைப்புறம் போய்விட்டு வந்தார்.

"அக்கா, அந்த ஓரத்துப் பெட்டி வாசல்ல தடிதடியா ஒரே ஆண் ஈயா உக்காந்திருக்கே. எடுத்துக் கொட்டிட்டு வேற கூட்டத்தோட சேத்துவிடலாமா?"

டெய்லரம்மா மெஷினை நிறுத்தாமல் அவரைப் பார்த்தாள். வாட்ச்காரர் நான்கு நாள் தாடியோடு முன்னறையில், மேஜைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"இருக்கட்டும் மாப்ள" என்றார். "உன்ன என்ன பண்ணுதுங்க?"